தீப்பெட்டியில் இருந்த வண்டு

போன ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் என்னிடம் இரண்டு கேள்வி வந்தது. முதல் கேள்வி கவிதாவுடையது. உன் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கி, "அத்தை, குழந்தை பிறந்ததும் நாங்க பெங்களூருக்கே வந்துடலாம்னு இருக்கோம். ஆனா அங்க பூச்சியெல்லாம் கை அகலத்துக்கு இருக்குமாமே? இவர் சொல்லிச் சொல்லியே பயமுறுத்துறார்" என்றாள். குளிர் ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெண், பயப்படத்தான் செய்வாள். "வா, உனக்கு ஒண்ணொண்ணா அறிமுகம் பண்ணி வைக்கிறேன்" என்று சிரித்தேன். இரண்டாவது கேள்வியை நீ கேட்டாய். அங்கே டாக்டர் இரண்டு குடும்பத்திலும் யாருக்கு என்ன குறை என்று எழுதி வாங்கினார்களாம். உன் இடது காது கேட்காததையும், பெரியப்பாவுக்கு இரண்டு காதும் கேட்காததையும் சொன்னாயாம். "பரம்பரையா வர்றதா இருந்தா குழந்தைக்கும் வரலாமாம்மா. டெஸ்ட் எடுக்கணும்ங்கிறாங்க. அப்பா வீட்டுல வேற யாருக்காவது இருந்துச்சா?" என்றாய். பின்னால் கவிதா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "யோசிச்சுச் சொல்றேன்டா" என்று வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றும் இல்லை. உன் காது அப்பா வீட்டிலிருந்து வரவில்லை, என் கையிலிருந்து வந்தது. ஃபோனில் அதைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி.

கவிதாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டும் ஒரே நாளில்தான் போய் முடிகின்றன. தொண்ணூற்று ஒன்றில் பிரேசர் டவுன் வாடகை வீட்டை விட்டு வைட்ஃபீல்ட் பக்கம் இந்த வீட்டைக் கட்டிக்கொண்டு வந்தபோது இங்கே இப்போதிருக்கும் கண்ணாடிக் கட்டடம் ஒன்றுகூடக் கிடையாது. முன்னால் ராகிக் கொல்லை, பின்னால் யூகலிப்டஸ், சற்றுத் தள்ளி ஏரி. உனக்கு ஆறு வயது நிறையவில்லை. நாம் குடிவந்தது பூச்சிகளுக்குத்தான் முதலில் தெரிந்தது. குளியலறைத் தண்ணீர்த் துவாரத்திலிருந்து மரவட்டைகள் வரிசையாக வந்தன. சமையலறை ஜன்னல் வலையில் ஒருநாள் காலையில் ஒரு அந்துப்பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தது. இறக்கையை விரித்தால் அப்பாவின் இரண்டு உள்ளங்கையும் சேர்ந்த அகலம். அப்பா அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு சமையலறைக்குள் வரவேயில்லை, காபியை வாசலில் நின்று வாங்கிக் குடித்தார். ஏரியிலிருந்து மழை நாட்களில் விளக்குக்கு ஒரு நீர்ப்பூச்சி வரும். கரப்பான்பூச்சிக்கு மாமன் மாதிரி இருக்கும், விரல் நீளத்துக்கு மேல். தொட்டால் கடிக்கும் என்று பக்கத்து வீட்டு கௌரம்மா சொன்னார். மற்ற எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே வார்த்தைதான்: "ஏனூ மாடல்ல அக்கா." ஒன்றும் செய்யாது என்பார். பூரானுக்கும் அதையே சொன்னபோது மட்டும் நான் நம்பவில்லை.

எனக்கு இவை மேல் பயமும் இல்லை, பாசமும் இல்லை. அளந்து பார்ப்பது என் தொழில், அதனால் அளந்து பார்த்தேன். ஒருமுறை கொம்பு வைத்த கறுப்பு வண்டு ஒன்று மின்விசிறியில் அடிபட்டு விழுந்தது. அதை மேஜையில் வைத்து ஸ்கேலை நீட்டி, "கொம்பைச் சேர்த்து ஐஞ்சு சென்டிமீட்டர்" என்று நான் சொல்ல, அப்பா நாற்காலி மேல் ஏறி நின்றபடி, "கொம்பு இல்லாம எவ்வளவுன்னும் சொல்லிடு, அப்பதான் எனக்குத் தூக்கம் வரும்" என்றார். நீ உருண்டு உருண்டு சிரித்தாய். அந்த வண்டு எழுந்து நடக்க ஆரம்பித்ததும் உனக்கு அதை விட்டுவிட மனமில்லை. பூச்சிகளோடு நீ சிநேகமாக இருந்தாய். கும்பிடுபூச்சியைக் கண்டால் நீயும் பதிலுக்குக் கும்பிடுவாய். கவிதாவிடம் இதைச் சொல். உன் குழந்தையும் அப்படித்தான் இருக்கும், நாம் போய் நடுவில் அலறாமல் இருந்தால்.

என் கையைப் பற்றி உனக்குத் தெரியும், ஆனால் அந்த நாட்களில் அது எனக்குள் எவ்வளவு பெரிய திமிராக இருந்தது என்பது தெரியாது. மீட்டர்கள் செய்யும் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷமாக அசெம்பிளியில் இருந்தேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, மயிர் போன்ற ஸ்பிரிங்கை ட்வீசர் முனையில் எடுத்து, ஊசி முனையளவு பள்ளத்தில் உட்கார வைக்க வேண்டும். மூச்சு விட்டால் பறந்துவிடும். எங்கள் வரிசையில் நாற்பது பெண்கள். மற்றவர்கள் கெடுத்த பீஸெல்லாம் கடைசியில் என் மேஜைக்கு வரும். "இவங்க கை இன்ஷ்யூர் பண்ண வேண்டிய கை" என்று சூப்பர்வைசர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நான் தலையைக் குனிந்துகொள்வேன், ஆனால் காதைத் தீட்டிக் கேட்டுக்கொள்வேன். வீட்டிலும் முள் எடுப்பது, கண்ணில் விழுந்த தூசியை எடுப்பது எல்லாம் நான்தான். தெருவில் யாருக்கு என்ன குத்தினாலும் என்னிடம்தான் வருவார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தவறாகப் போனதில்லை.

அந்த வருஷம் முதல் மழை சாயங்காலமாகப் பெய்தது. மழை விட்டதும் ஈசல் கிளம்பியது, கூடவே பழுப்பு நிறத்தில் சின்ன வண்டுகள் ட்யூப்லைட்டைச் சுற்றிப் பொல பொலவென்று விழுந்தன. விளக்கை ஒரு மணி நேரம் அணைத்து வைக்கும்படி கௌரம்மா குரல் கொடுத்தார். எனக்குச் சட்டை மடிக்கிற வேலை பாக்கி இருந்ததால் அணைக்கவில்லை. நீ தரையில் படுத்து வண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாய். திடீரென்று இடது காதைப் பொத்திக்கொண்டு எழுந்தாய். "அம்மா, உள்ள போயிடுச்சு. உள்ள நடக்குது" என்றாய். முதலில் அழவில்லை, ஆச்சரியம்தான் உன் முகத்தில். அப்புறம் அது உள்ளே பிராண்ட ஆரம்பித்திருக்க வேண்டும், நீ போட்ட சத்தத்தில் அப்பா முகச்சவரத்தைப் பாதியில் விட்டு ஓடிவந்தார். "நான் போய் ஆட்டோ கூட்டிட்டு வர்றேன், ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்று சட்டையைத் தேடினார். நான் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்துகூடக் குறைக்காமல். "அங்க இருக்கிறவன் கை என் கையை விட நல்ல கையா? சும்மா நில்லுங்க."

பீரோவிலிருந்து ட்வீசரை எடுத்தேன், லென்ஸை மாட்டினேன். அப்பாவை உன் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, டார்ச் அடித்தேன். வண்டின் பின்பக்கம் தெரிந்தது. மீட்டருக்குள் ஸ்பிரிங் தெரிவது போலத்தான் தெரிந்தது, அதுதான் என்னைக் கெடுத்தது. ஸ்பிரிங் நகராது. மீட்டர் அழாது. முதல் பிடியில் ஒரு கால் வந்தது. இரண்டாவதில் இறக்கை ஓட்டில் ஒரு துண்டு. ஒவ்வொரு முறை தொடும்போதும் அது இன்னும் உள்ளே போயிற்று. "விட்டுடு, போதும்" என்றார் அப்பா. "இன்னும் ஒரே தடவை" என்றேன். அந்த ஒரு தடவையில் நீ உதறினாய், என் கை உள்ளே போயிற்று. எவ்வளவு போயிற்று என்று எனக்குத் தெரியும், அளந்து பழகிய கை. நீ ஒரு சத்தம் போட்டாய், உடனே நின்றுவிட்டது. ட்வீசர் நுனியில் கொஞ்சம் ரத்தம் இருந்தது.

நான் அடுத்து செய்ததுதான் உனக்கு இன்றுவரை தெரிந்த கதை. தரையில் விழுந்து கிடந்த வண்டுகளில் ஒன்றை எடுத்து, தீப்பெட்டியில் போட்டு, "இதோ பாரு, திருடன் அகப்பட்டான்" என்று உன் கையில் கொடுத்தேன். நீ அழுகையோடேயே திறந்து பார்த்தாய். முழு வண்டு, ஆறு காலும் இருந்தது. எண்ணினாய். சமாதானமாகிவிட்டாய். அம்மா ஒரே இழுப்பில் வண்டை வெளியே எடுத்த கதையை எத்தனை விசேஷத்தில், எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாய். உன் கல்யாண வரவேற்பில் மைக்கிலேயே சொன்னாய், எல்லோரும் கை தட்டினார்கள். நான் மேடைக்குக் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு நானும் கை தட்டினேன்.

உன் காதிலிருந்த வண்டின் மீதியை மறுநாள் காலையில் ஒரு டாக்டர் எடுத்தார். "கொஞ்சம் எண்ணெய் விட்டு அது செத்ததும் கொண்டுவந்திருந்தா ரெண்டு நிமிஷ வேலைம்மா. யார் இப்படிக் குத்தினது?" என்று கேட்டார். நான் வாய் திறக்கும் முன்னால் அப்பா, "நான்தான் சார்" என்றார். திட்டையெல்லாம் அவரே வாங்கிக்கொண்டார். செவிப்பறை கிழிந்துவிட்டது, அதற்குப் பின்னால் இருக்கிற சின்ன எலும்புகளும் இடம் மாறியிருக்கலாம் என்றார்கள். மாசக்கணக்கில் சீழ் வந்தது. உன்னிடம் சளி என்று சொன்னோம். காய்ந்த பிறகு சோதித்துப் பார்த்ததில் அந்தக் காதில் கேட்பது ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆபரேஷன் செய்தாலும் திரும்ப வராது என்று இரண்டு பேர் சொன்னார்கள். இன்னொரு காது நன்றாக இருந்ததால் உனக்கே அது தெரியவில்லை, குழந்தைகள் எதற்கும் சுலபமாகப் பழகிவிடுகிறார்கள்.

மூன்றாம் வகுப்பில் உன் டீச்சர் எங்களைக் கூப்பிட்டார்கள். "இந்தப் பக்கமா நின்னு கூப்பிட்டா பையன் திரும்பவே மாட்டேங்கிறான்மா. காதுல ஏதாவது ப்ராப்ளமா?" என்றார்கள். நீயும் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். "அவங்க அப்பா வீட்டுல இருக்குது டீச்சர். இவன் பெரியப்பாவுக்கும் காது கேக்காது" என்றேன். நான் திட்டமிட்டு வந்து சொன்ன பொய் இல்லை, நாக்கு தானாகவே அந்தப் பக்கம் போயிற்று. வெளியே வந்ததும் நீ முன்னால் குதித்துக்கொண்டு போனாய், நாங்கள் பின்னால் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். "எங்க அண்ணன் என்னடி பண்ணுச்சு?" என்றார் அப்பா, அவ்வளவுதான். அதற்கு அப்புறம் சாகும்வரை அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என்னைக் காப்பாற்றவா, உன் மனதில் என் இடம் கெடக்கூடாது என்றா, தெரியாது. கப்பல் வேலைக்கு மெடிக்கலில் உன்னைத் தள்ளியபோது வீட்டுக்கு வந்து நீ அவரைப் பார்த்து, "உங்க குடும்பம் எனக்குக் குடுத்த ஒரே சொத்து" என்று கத்தினாயே, அன்றைக்கும் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நான் உனக்கு ரசம் ஊற்றினேன்.

பெரியப்பாவிடம் செய்தது இன்னும் மோசம். அவருக்குப் பன்னிரண்டு வயதுக்கு மேல்தான் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. எதனால் என்று அந்த வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை, அன்றைக்கு அதற்கெல்லாம் வசதி கிடையாது. பிரேசர் டவுனில் தையல் கடை, எழுதப் படிக்கத் தெரியும், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று தெரியாததால் பேசுவது குறைவு. டீச்சரிடம் நான் சொன்னது உன் வாய் வழியாகவே அவருக்குப் போயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். உன்னை மடியில் வைத்து, உன் இடது காதைத் தொட்டார், அப்புறம் தன் காதைத் தொட்டார், அப்பாவைப் பார்த்துக் கை கூப்பினார். மன்னிப்புக் கேட்டார், என் வீட்டில், என் முன்னால். நான் டீயைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அந்த வருஷம் அவருக்கு ஒரு பெண் பார்த்திருந்தார்கள், கணவனை இழந்தவள், இரண்டு தெரு தள்ளி. எல்லாம் கூடிவந்த நேரத்தில் அவர் வேண்டாம் என்றுவிட்டார். ஏன் என்று எல்லோரும் கேட்டார்கள், நான் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்தேன். பூச்சிக்கு நான் பயந்ததில்லை என்று மேலே எழுதினேன், அது உண்மைதான்.

இப்போது என் கை நடுங்குகிறது. ஆறு மாசமாக. வயசுக்கு வருகிற நடுக்கம்தான், கவலைப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். ஊசியில் நூல் கோக்க எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிறேன். இதைத் தண்டனை என்று நான் நினைக்கவில்லை, நீயும் அப்படி நினைத்து உருகாதே. எல்லோருக்கும் வருவது எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் அந்தக் கையைக் காட்டி என்னை நானே ஏமாற்றிக்கொள்ள முடியாமல் போனது ஒரு நல்லது. என் பொய் உன்னோடு நிற்கும் என்று நினைத்திருந்தேன், அது இன்னும் பிறக்காத குழந்தை வரைக்கும் போய், அந்தப் பெண்ணை அழ வைத்துவிட்டது.

வியாழக்கிழமை பெரியப்பாவின் கடைக்குப் போனேன். வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஐந்தாறு வரிதான். வண்டு, ட்வீசர், டீச்சர், அவர் பெயர், எல்லாம் அதில் இருந்தது. அவர் மிஷினை நிறுத்தி, கண்ணாடியை மாட்டிப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். கடையில் ஒரு அம்மா ஜாக்கெட் வாங்க வந்து நின்றாள், அதைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காது மேல் செருகியிருந்த பென்சிலை எடுத்து, என் வரிகளுக்குக் கீழே எழுதினார்: "பையனுக்குத் தெரியுமா?" நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. இன்னும் ஒரு வரி எழுதி, தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, மிஷினை மிதிக்க ஆரம்பித்தார். "முதல்ல அவனுக்கு எழுது. அப்புறம் என்கிட்ட வா."

ஆகவே இந்தக் கடிதம். இதை எடுத்துப் போய் உன் டாக்டரிடம் சொல். இடது காது கேட்காமல் போனது ஆறு வயதில் உள்ளே நுழைந்த ஒரு வண்டாலும், அதைத் துரத்திப் போன அம்மாவின் ட்வீசராலும் என்று சொல். பெரியப்பாவின் காது எப்படிப் போயிற்று என்பது எனக்குத் தெரியாது. அதற்காக அவர்கள் டெஸ்ட் எடுப்பதானால் எடுக்கட்டும், நான் மறுபடி ஒரு பொய்யான தைரியம் கொடுக்க மாட்டேன். ஆனால் உன் காது கேட்காததில் பரம்பரை எதுவும் இல்லை. கவிதாவுக்கு என் பெயரைச் சொல்லியே இதைச் சொல். என் மேல் கோபம் வந்தால் வரட்டும். உனக்கும் வரும். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வராவிட்டால் நான் ஏன் என்று கேட்கப் போவதில்லை. ஆனால் அப்பாவிடம் கத்தினாயே, அதை அவர் படத்துக்கு முன்னால் நின்றாவது திருப்பி எடுத்துக்கொள். அது எனக்கு வர வேண்டிய திட்டு.

இங்கே வந்து குடியிருப்பதானால் வாருங்கள். ராகிக் கொல்லை போய்விட்டது, ஏரி பாதி இருக்கிறது, பூச்சிகளும் பாதி இருக்கின்றன. முதல் மழை விட்டதும் விளக்கை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் இருட்டில் உட்காருங்கள், சட்டை மடிப்பதெல்லாம் அப்புறம். குழந்தையின் காதில் எந்தப் பூச்சி போனாலும் அந்தக் காது மேலே பார்க்கும்படி சாய்த்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் எவ்வளவு கெட்டிக்காரர் இருந்தாலும் உள்ளே எதையும் விட விடாதே. நான் கேட்டாலும் கொடுக்காதே. அந்த ட்வீசரை நான் தூக்கிப் போடவில்லை, தீப்பெட்டியும் அதன் பக்கத்திலேயே பீரோவில் இருக்கிறது, உள்ளே வண்டு காய்ந்து போய், ஆறு காலோடு.

பெரியப்பா எழுதிய தாளை இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன், அவர் கையெழுத்து உனக்குத் தெரியும். இதைத் தபாலில் சேர்த்துவிட்டு, அங்கிருந்து நேராக பிரேசர் டவுன் பஸ் ஏறப்போகிறேன். முதல் வேலை முடிந்தது என்று மட்டும்தான் அவரிடம் என்னால் சொல்ல முடியும். அதற்கு மேல் அவர் என்ன எழுதுகிறாரோ, அதைப் படித்துக்கொள்ள வேண்டும்.

அம்மா